கடைமடை வரை: எம்.எஸ். நோயும் வீட்டு உடற்பயிற்சியும்

குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா மகளுக்கு 34ஆவது வயதில் ஒரு கண் மங்கியது. கண்ணாடி மாற்றிப் பார்த்தார்கள், சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள், தானாகவே சரியானது. அடுத்த வருடம் இடது கால் மரத்தது. யாரோ வாதம் என்றார்கள், யாரோ சர்க்கரையாக இருக்கும் என்றார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்து, நரம்பியல் மருத்துவர் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' (சுருக்கமாக எம்.எஸ்.) என்று எழுதிக் கொடுக்கும்போது கண் மங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அந்த ஒன்றரை வருடத்தில் வீட்டில் நடந்த வைத்தியம் இரண்டே இரண்டு. ஒன்று, நொச்சியும் வேம்பும் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரில் குளியல். இன்னொன்று, பெரியம்மா வாயிலிருந்து நாளுக்குப் பத்துத் தடவை வரும் "அனங்காம கெட மக்ளே", அதாவது அசையாமல் படுத்திரு மகளே. ஒருநாள் அந்த வெந்நீரில் நன்றாகக் குளித்துவிட்டு வந்த அக்காவுக்கு, எதிரே சுவரில் தொங்கிய காலண்டரின் தேதி தெரியவில்லை. கால் இரண்டும் துணி மாதிரி தொய்ந்தன. ஃபேனுக்குக் கீழே அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகு தேதியும் தெரிந்தது, காலும் வந்தது. யாரோ கண் போட்டுவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போட்டார் பெரியம்மா.

அன்று அக்காவின் உடம்பில் நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது, 130 வருடத்துக்கு மேலான வரலாறும் இருக்கிறது. எம்.எஸ். உள்ளவர்கள் வீட்டிலேயே உடற்பயிற்சி செய்வது பற்றிப் பேச அதுதான் சரியான தொடக்கம். ஏனென்றால் இந்த நோயில் உடற்பயிற்சியைப் பற்றி இருக்கும் பயம் முழுக்க வெப்பத்தையும் உழைப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்தது.

முதலில் நோய். மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பு இழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. நம்மைக் காக்கவேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் ஆள் தெரியாமல் இந்த உறையையே தாக்குவதுதான் எம்.எஸ். தாக்கிய இடத்தில் உறை உரிந்து தழும்பு விழுகிறது. 1868இல் பாரிஸில் ழான் மார்ட்டின் ஷார்க்கோ என்ற நரம்பியல் மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். பெரும்பாலும் 20 வயதுக்கும் 50 வயதுக்கும் நடுவில் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். உலகம் முழுக்க 28 லட்சம் பேருக்கு இருப்பதாக 2020இல் கணக்கிட்டார்கள். நம் பக்கத்தில் அரிது. தமிழக அரசின் ஆவணங்களில் இதற்குத் 'தண்டுவட மரப்பு நோய்' என்று பெயர். ஆனால் வீட்டில், பேச்சில், மருந்துக் கடையில் எல்லாம் எம்.எஸ்.தான்.

உறை உரிந்த நரம்பை எங்கள் மாவட்டத்து ஆளுக்கு விளக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி சானல், அதாவது பாசனக் கால்வாய்தான். பேச்சிப்பாறை அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தோவாளைச் சானலிலும் அனந்தனார் சானலிலும் வந்து கடைமடை வயலுக்குப் போய்ச் சேரவேண்டும். கரை நன்றாக இருந்தால் போய்ச் சேரும். நடுவில் நாலு இடத்தில் கரை அரித்துக் கிடந்தால், கசிந்தது போக மிச்சம்தான் போகும். அப்போதும் எப்படியோ கடைசி வயலுக்கு ஒரு சிறங்கை தண்ணீர் கிடைத்துவிடும். இந்த நிலையில் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கினால் போதும், தலைமடைக்காரனுக்கு வித்தியாசமே தெரியாது, கடைமடை காய்ந்துவிடும். உடம்பில் மூளைக்குக் கடைமடை என்றால் கால்தான். பல பேருக்கு முதலில் சிக்கல் தெரிவதும் அங்கேதான்.

ஷட்டரை இறக்குவது வெப்பம். நரம்பில் மின் துடிப்பு ஓட, சோடியம் உள்ளே நுழையும் சிறு வாசல்கள் திறந்து மூடவேண்டும். உடம்புச் சூடு ஏறினால் இந்த வாசல்கள் வேகமாக மூடிக்கொள்ளும். நல்ல நரம்புக்கு அது பொருட்டே இல்லை. உறை உரிந்த நரம்பில், துடிப்பு அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் நின்றுபோகும். அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே சிலருக்கு இது நடக்கும். சூடு இறங்கினால் துடிப்பு மறுபடி ஓடும். நரம்புக்குப் புதிதாக எந்தச் சேதமும் ஆவதில்லை.

1890இல் வில்ஹெல்ம் ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், எம்.எஸ். நோயாளிகள் சிலர் உடம்பை வருத்தி வேலை செய்ததும் பார்வை மங்குவதைக் கவனித்து எழுதிவைத்தார். அவர் பெயராலேயே இதற்கு 'ஊத்தாஃப் நிகழ்வு' என்று பெயர். அவர் குற்றம் சாட்டியது உழைப்பை. உழைப்பால் ஏறும் சூடுதான் காரணம் என்பது பிறகுதான் புரிந்தது. அது புரிந்ததும் மருத்துவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சந்தேகப்பட்ட நோயாளிகளை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, கண்ணும் காலும் தொய்கிறதா என்று பார்த்து நோயை முடிவு செய்தார்கள். 1980களில் எம்.ஆர்.ஐ. வரும்வரை இந்த வெந்நீர்க் குளியல் சோதனை வழக்கத்தில் இருந்தது. பெரியம்மா நொச்சி இலை போட்டு வீட்டுக் குளியலறையில் நடத்தியதும் அதே சோதனைதான். முடிவைப் படிக்கத்தான் அங்கே ஆள் இல்லை.

ஊத்தாஃப் கண்டதன் நிழல் நூறு வருடம் நீண்டது. எம்.எஸ். என்றால் களைத்துவிடக் கூடாது, ஓடக் கூடாது, படுத்திரு என்பதே ஆலோசனையாக இருந்தது. 1996இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜாக் பெட்டஜனும் குழுவினரும் இதை நேராகச் சோதித்துப் பார்த்தார்கள். கையாலும் காலாலும் மிதிக்கும் சைக்கிள் பொறியில், வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 40 நிமிடம், மொத்தம் 15 வாரம். பயிற்சி செய்தவர்களுக்கு மூச்சுத்திறனும் கை கால் பலமும் கூடின, மனச்சோர்வும் குறைந்தது. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், பயிற்சி செய்பவர்களுக்கு நோயின் மீள்தாக்குதல் கூடுவதாகத் தெரியவில்லை. களைப்பு குறைவதாகத்தான் தெரிந்தது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். 2013இல் கனடாவில் வெளியான வழிகாட்டுதல், லேசான அல்லது நடுத்தரப் பாதிப்பு உள்ளவர்களுக்கு வாரத்தில் 2 நாள் 30 நிமிடம், நடை, சைக்கிள் மாதிரி மூச்சு வாங்கவைக்கும் பயிற்சியும், 2 நாள் தசைப் பயிற்சியும் சொன்னது. 2020இல் அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கம், வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கை வைத்தது. பயிற்சியாகவும் இருக்கலாம், வீட்டு வேலை போன்ற அன்றாட அசைவாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆளின் நிலைக்கு ஏற்ப மெதுவாக அங்கே போய்ச் சேரவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நான் பார்த்தவரை இந்தப் பின்பாதியை யாரும் படிப்பதில்லை. 150 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு முதல் வாரமே சுருண்டு படுக்கிறார்கள்.

பயிற்சி என்ன செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உரிந்த உறையை அது ஒட்டவைக்காது. மருத்துவர் தரும், நோயின் போக்கை மாற்றும் மருந்துகளின் இடத்தை அது பிடிக்கவும் முடியாது. அது செய்வது வேறு. எம்.எஸ். உள்ளவரின் பலவீனத்தில் ஒரு பங்கு நோயால் வந்தது, இன்னொரு பங்கு படுத்தே கிடந்ததால் வந்தது. முதல் பங்கு நம் கையில் இல்லை. இரண்டாவது பங்கு முழுக்க நம் கையில் இருக்கிறது. கரை அரித்ததை நாம் சரிசெய்ய முடியாது. வயலில் களை மண்டாமல் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, ஏன் வீட்டில்? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் பிசியோதெரபி இருக்கிறது, நாகர்கோவிலில் தனியார் மையங்கள் இருக்கின்றன, நரம்பு என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்குப் போகிற வழக்கம் எங்கள் ஊரில் பழையது. போகலாம். ஆனால் அருமனையிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ ஒரு பெண் வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறி வடசேரியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து மையத்துக்குப் போகும்போது அன்றைய தெம்பில் முக்கால்வாசி பஸ்ஸிலேயே போய்விடும். பஸ் படி உயரம் ஒரு பக்கம். நடுவழியில் மூத்திரம் முட்டினால் எங்கே போவது என்ற பயம் இன்னொரு பக்கம், எம்.எஸ்.ஸில் இந்த அவசரம் பலருக்கு உண்டு. அதனாலேயே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிளம்புவார்கள். வெயிலில், தண்ணீர் இல்லாமல், களைத்துப் போய் நிற்கும் உடம்பில் என்ன பயிற்சி செய்ய முடியும்? அதனால் மையத்துக்குப் போவது ஆரம்பத்தில் நாலைந்து தடவை கற்றுக்கொள்ளவும், பிறகு மாதம் ஒருதடவை சரிபார்க்கவும் என்று வைத்துக்கொண்டு, செய்வதை வீட்டில் செய்வதுதான் இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும். கற்றுக்கொள்வதை மட்டும் விட்டுவிடக் கூடாது. எந்தத் தசை இறுகியிருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று ஒருவர் கைவைத்துப் பார்க்காமல் வீடியோவைப் பார்த்துத் தொடங்குவது சரியாக வராது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வீட்டுக்கே வருகிறார். படுக்கையில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. அப்படி வருபவரிடம் 'பக்கவாதம் மாதிரி ஒண்ணு' என்று சொல்லாமல் எம்.எஸ். என்றே சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரே அசைவை எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை செய்யச் சொல்வார்கள். அங்கே அது பலன் தரும். எம்.எஸ். காரர் அதே கணக்கில் செய்தால் இருபதாவது தடவையில் கால் நின்றுவிடும், அன்று மாலை சமையலறை வரை போக முடியாது. இங்கே சின்னச் சின்னக் கூறாகப் பிரித்து, நடுவில் உட்கார்ந்து, மறுபடி செய்யவேண்டும். 3 நிமிடம் வேலை, 2 நிமிடம் ஓய்வு என்று தொடங்கலாம். அப்படி நாலு சுற்று வந்தால் 12 நிமிடம் உழைத்தாயிற்று.

இனி எங்கள் ஊர் வெக்கை. குமரி மாவட்டத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது அரிது. அதனால் இங்கே என்ன சூடு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடலும் மலையும் பக்கத்தில் இருப்பதால் காற்றில் ஈரம் எப்போதும் நிற்கிறது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். மழைக்கு முந்தின புழுக்கத்தில், 32 டிகிரியிலேயே, எம்.எஸ். உள்ளவருக்கு ஷட்டர் இறங்கிவிடுகிறது. கான்கிரீட் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை இரவு ஒன்பது மணிக்கும் அடுப்பு மாதிரி இருக்கும். பழைய ஓட்டு வீட்டின் முன்சாய்ப்பு எவ்வளவோ மேல்.

நேரம் முக்கியம். உடம்பின் உள்சூடு விடியலை ஒட்டிக் குறைவாகவும், பிற்பகல் கடந்து மாலையில் உச்சத்திலும் இருக்கும். அதனால் காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் செய்வது வெளிச்சூடு, உள்சூடு இரண்டுக்கும் நல்லது. மாலைக் காற்றில் செய்யலாமே என்று தோன்றும். காற்று குளிர்ந்திருந்தாலும் உடம்பு குளிர்ந்திருக்காது. காலையில் எழுந்ததும் கால் விறைப்பாக இருப்பவர்கள் படுக்கையிலேயே பத்து நிமிடம் நீட்டி மடக்கி இளக்கிக்கொண்டு இறங்கவேண்டும். விறைப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், அது எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்று மருத்துவரிடம் கேட்டு அதற்கேற்பப் பயிற்சி நேரத்தை வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் குளிர்ச்சி. நனைத்துப் பிழிந்த ஒரு துவர்த்தை, அதாவது துண்டை, கழுத்தில் போட்டுக்கொள்வது, தொடங்கும் முன்னே பச்சைத்தண்ணீரில் கை கால் கழுவுவது, ஃபேன் எதிரே நிற்பது எல்லாம் உதவும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில், வெப்பம் தாங்காத எம்.எஸ். நோயாளிகளைச் சூடான அறையில் சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு நாள் ஐஸ் போலக் குளிர்ந்த தண்ணீரும் இன்னொரு நாள் உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். குளிர்ந்த தண்ணீர் குடித்த நாளில் கணிசமாக அதிக நேரம் மிதித்தார்கள். இதை எங்கள் வீட்டில் சொன்னபோது பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாத உடம்புக்கு ஐஸ் தண்ணீரா! சளி பிடித்துவிடும், நரம்பு இழுத்துவிடும் என்று ஒரு வாரம் வாக்குவாதம். கடைசியில் ஃபிரிட்ஜில் வைத்த மோரில் சமாதானம் ஆனது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குளிர்ச்சி உள்ளே போனால் சரி.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்டால், பலரும் நீட்டல் மடக்கல் என்று தரையில் பாய் விரிக்கிறார்கள். அதுவும் வேண்டும்தான். கெண்டைக்கால், பின்தொடை, உள்தொடை ஆகியவற்றை இழுத்து 30 நொடி முதல் ஒரு நிமிடம் வரை அப்படியே பிடித்து வைப்பது இறுக்கத்தைக் குறைக்கும். வெடுக்கென்று இழுத்தால் இறுகிய தசை இன்னும் இறுகும். ஆனால் என்னைக் கேட்டால், ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவருக்கு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத்தான் சொல்வேன். கழிப்பறைக்குப் போக, பஸ்ஸிலிருந்து எழ, கோயில் படியில் உட்கார்ந்து எழ எல்லாவற்றுக்கும் அதே தசைகள்தான். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, மெதுவாக எழுந்து, எழுந்ததைவிட மெதுவாக உட்காரவேண்டும். தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் பயிற்சியில் பாதி போச்சு. முடியவில்லை என்றால் ஜமக்காளத்தை மடித்துப் போட்டு நாற்காலியின் உயரத்தைக் கூட்டுங்கள். பலம் வர வர மடிப்பைக் குறையுங்கள். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிப் பின்னால் போகும் என்பதை மறக்கவேண்டாம். முதுகுப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடவேண்டும்.

கைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், அது ஒரு கிலோ. சுவரில் கையூன்றித் தள்ளுவது தோளுக்கு. மூச்சு வாங்கவைக்கும் பயிற்சிக்கு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே முட்டியைத் தூக்கி நடை போடலாம், அல்லது வாசல் நடையின் கடைசிப் படியில் ஏறி இறங்கலாம். எவ்வளவு வேகம்? பேச முடியவேண்டும், பாட முடியக் கூடாது. பக்கத்தில் யாராவது இருந்தால் ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்யலாம். கதை அறுந்து அறுந்து வந்தால் வேகம் அதிகம்.

சமநிலைப் பயிற்சியில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். அறையின் மூலையில், இரண்டு சுவரும் முதுகுக்குப் பின்னால் இருக்க, முன்னால் ஒரு நாற்காலி போட்டு நடுவில் நிற்கவேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிமானம் இருக்கும். கால் இரண்டையும் சேர்த்து நிற்பது, பிறகு ஒரு காலுக்கு முன் இன்னொரு காலை வைத்து நிற்பது என்று போகலாம். கண்ணை மூடிச் செய்வதைத் துணை இல்லாமல் செய்யக் கூடாது. கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி தண்டுவடம் வழியாகச் சரியாக மேலே போகாதவர்கள், அதைக் கண்ணால் பார்த்து ஈடுகட்டிக்கொண்டிருப்பார்கள். கண்ணை மூடியதும் சாய்ந்துவிடுவார்கள். அக்கா முதல்தடவை விழுந்தது பயிற்சியில் இல்லை, வாஷ்பேசினில் சோப்புப் போட்டு முகம் கழுவும்போது. கண் மூடியிருந்தது, கை இரண்டும் முகத்தில். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் முகம் கழுவுவது உட்கார்ந்துதான், அல்லது இடுப்பை பேசினில் சாய்த்துக்கொண்டு.

வீட்டுக்குள் இன்னும் சில எதிரிகள் உண்டு. தேய்ந்த ரப்பர் செருப்பு. பழைய வீட்டு நிலைப்படி. ஆனியிலும் ஐப்பசியிலும், அதாவது இரண்டு மழைக்கும், முற்றத்திலும் கிணற்றங்கரையிலும் படியும் பாசி. இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்று பெருமையாகச் சொல்வோம். முற்றத்தில் நடை பழகும் ஆளுக்கு அது வருடத்தில் பாதி மாதங்கள் வழுக்கல். அந்த மாதங்களில் நடை வீட்டுக்குள்தான். பின்பட்டை வைத்த செருப்பு வாங்குங்கள். களைப்பு எல்லை தாண்டுகிறது என்பதை அந்தச் செருப்பே காட்டிக்கொடுக்கும்: முன்பாதம் சரியாகத் தூக்காமல் தரையில் 'சர்ர்' என்று உரசும் சத்தம் கேட்கத் தொடங்கினால், அன்றைக்கு அவ்வளவுதான். இன்னும் ரெண்டு சுற்று என்று போட்டிபோடுகிற இடத்தில்தான் விழுகிறார்கள்.

களைப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எம்.எஸ். உள்ளவர்களில் நாலில் மூன்று பேருக்குமேல் இதைச் சொல்கிறார்கள். வயலில் வேலை செய்த களைப்பு தூங்கினால் போய்விடும். இது எழுந்து பல் தேய்த்ததுமே வந்து நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. "நல்லாத்தானே இருக்கா, பொறவு என்ன மடி?" (பிறகு என்ன சோம்பல்?) என்று மாமியார்கள் கேட்பது இதனால்தான். இப்படிப்பட்ட களைப்புக்குப் பயிற்சிதான் மருந்து என்று சொல்லும்போது கேட்பவருக்குக் கோபம் வருவது நியாயம். அளவு தெரியாமல் கொடுத்தால் மருந்தும் விஷம்தான். அதனால் எவ்வளவு செய்தோம் என்பதை அன்றைக்கே எடைபோடாமல், மறுநாள் காலையில் எடைபோடுவது நல்லது. நேற்று செய்தது சரியான அளவு என்றால் இன்று காலை வழக்கம்போல எழ முடியும். எழ முடியாமல் உடம்பு கனத்தால் நேற்றையதில் கால்பங்கைக் குறைக்கவேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து காலைகள் நன்றாக இருந்தால் ஏதாவது ஒன்றை மட்டும் கூட்டலாம், நிமிடத்தையோ எண்ணிக்கையையோ. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டினால் எது தாங்கவில்லை என்றே தெரியாமல் போகும்.

பயிற்சி முடிந்ததும் கண் மங்குவது, கால் தொய்வது, மரப்பு கூடுவது நடக்கலாம். குளிர்ந்த இடத்தில் உட்கார்ந்தால் அரைமணியிலோ ஒரு மணியிலோ இறங்கிவிட்டால் அது ஊத்தாஃப் கண்டதுதான்; பயப்பட ஒன்றுமில்லை, மறுநாள் இன்னும் குளிர்ச்சியாக, இன்னும் சின்னக் கூறாகச் செய்யவேண்டும். ஆனால் புதிதாக ஒரு தொந்தரவு வந்து, காய்ச்சல் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்குமேல் இறங்காமல் நின்றால் அது மீள்தாக்குதலாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவேண்டும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ வந்தாலும் பழைய தொந்தரவெல்லாம் கிளம்பி வந்து நிற்கும். தொற்று சரியாகும்வரை பயிற்சிக்கு லீவு.

ஆசான்மார், அதாவது வர்ம வைத்தியர்கள், பற்றிச் சொல்லாமல் குமரி மாவட்டத்தில் நரம்பு நோய் பற்றி எழுத முடியாது. வர்மமும் தடவலும் இங்கே பரம்பரைச் சொத்து. களரியில் அடிபட்டவனை எழுப்பிய கைகள் என்ற மரியாதை ஊரில் இருக்கிறது. எண்ணெய் போட்டு மெதுவாகத் தடவினால் இறுகிய தசை இளகும், மனத்துக்கும் இதம். ஆனால் படுத்திருப்பவரின் தசைக்குத் தடவலால் பலம் ஏறாது. தசை தானே வேலை செய்தால்தான் ஏறும். கிழியும் (சூடான மருந்து மூட்டையால் ஒற்றுவது) ஒத்தடமும் வேறு விஷயம். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சூட்டில் கால் தொய்வது இன்னொரு கெடுதல். நான் ஒரு ஆசானிடம் இதைப் பேசியிருக்கிறேன். எண்ணெயைச் சூடாக்காமல் தடவ அவருக்கு எந்த மறுப்பும் இருக்கவில்லை. வீட்டில் இருக்கும் பெரியவர்கள்தான் சூடு இல்லாமல் என்ன வைத்தியம் என்றார்கள்.

நடக்கவே முடியாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் 2020ஆம் வருட வழிகாட்டுதலில் இடம் உண்டு. கையால் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, உட்கார்ந்தபடி முதுகை நிமிர்த்தி முன்னும் பின்னும் சாய்ந்து வருவது, ஆழமாக மூச்சிழுத்து விடுவது எல்லாமே பயிற்சிதான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது பாதி எடையைத் தானே தாங்க முடிந்தால், தூக்கிவிடும் ஆளின் முதுகும் பிழைக்கும். மூச்சுத் தசை பலமாக இருந்தால் சளியை இருமித் துப்ப முடியும். படுக்கையில் கிடப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று. இது தெரியாமலே பல குடும்பங்கள் இருக்கின்றன. தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைப் பட்டியலிலும் தண்டுவட மரப்பு நோய் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கும்போது நோயின் பெயரைச் சரியாக எழுதுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு ஒரு இடத்தில் 'வாதம்' என்று எழுதி, அதைத் திருத்த மூன்று தடவை அலைந்தோம்.

அக்கா வீட்டு முன்சாய்ப்பில் இப்போது இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் இருக்கின்றன. நடுவில் 25 அடி. உலகம் முழுக்க எம்.எஸ். மருத்துவர்கள் நடையை அளக்கப் பயன்படுத்தும் தூரம் அதுதான். ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை நொடி என்று மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் மட்டும் அளக்கிறார்கள். தினமும் அளந்தால் வெயிலும் தூக்கமும் கணக்கைக் குழப்பும். ஐந்தில் ஒரு பங்குக்குமேல் மாறினால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளவேண்டும், அதற்குக் கீழே எல்லாம் ஏற்ற இறக்கம். போன வருடம் 14 நொடி. இந்த மாதம் 11. எண்ணை எழுதுவது பெரியம்மா, தினத்தாள் காலண்டரின் பின்பக்கத்தில். பக்கத்தில் ஃபிரிட்ஜ் மோர்.

வெந்நீர்க் குளியலை மட்டும் அவர் இன்னும் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. மார்கழியில் வெதுவெதுப்பாக ஒரு செம்பு கலந்துகொள்ளலாம் என்று ஒப்பந்தம்.